30 ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேட்வால்வு:
1,500 பேர் உள்ள ஊர். ஜல் ஜீவன் (வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசுத் திட்டம்) கணக்கில் ஆளுக்கு 55 லிட்டர், நாளைக்கு 82,500. காலை 6–8, மாலை 4–6 திறந்துவிட்டால் வேளைக்கு 41,250. தொட்டி 30 ஆயிரம். காலை ஏழரைக்குக் கடைசித் தெருக் குழாயில் வெறும் காற்று சீறுகிறது, கீழே குடங்கள் வரிசையாக. அதே தொட்டிதான் விடியற்காலை மூணு மணிக்கு நிரம்பி வழிந்து தூணடியைச் சேறாக்கியது! மோட்டார் ஓடுவது இரவு 12 முதல் 4 வரை, மணிக்கு 10,300 லிட்டர்.

சம்புத்தொட்டி:
60 ஆயிரத்துக்குக் கட்டியிருக்கணும். வேறென்ன.

மணிக்கணக்கு:
அவசரப்படாதீங்க சம்புத்தொட்டி. அதே மோட்டாரைக் காலை 4–8, மதியம் 2–6 ஓட்டிப் பாருங்க. ஆறு மணிக்குத் தொட்டியில் 20,600 இருக்கும். திறந்துவிட்ட ரெண்டு மணி நேரத்தில் இன்னொரு 20,600 ஏறும். அப்போ 21 ஆயிரம் தொட்டியே போதும். ஆள் கணக்கை வைத்து மட்டும் அளவு சொல்லவே கூடாது. மணிவாரியாக ஏறும் தண்ணீர், இறங்கும் தண்ணீர் இரண்டையும் கூட்டிக்கொண்டே வாங்க. ஏறும் கணக்கு இறங்கும் கணக்கை அதிகம் முந்தும் நேரத்து வித்தியாசத்தையும், அதிகம் பிந்தும் நேரத்து வித்தியாசத்தையும் கூட்டினால் தொட்டி அளவு.

ஏணிப்படி:
4–8ல் கரண்ட் போனால்? 30 ஆயிரம் தொட்டியில் 20,600 போக மிச்சம் 9,400தான், ஒரு மணி நேர மின்வெட்டுக்கே பத்தாது. அதுவும் முழுசாகக் கிடைக்காது. 4 மீட்டர் விட்டத் தொட்டியில் வெளியேற்றுக் குழாய் தரையிலிருந்து 15 செ.மீ. மேலே இருந்தால் அடியில் 1,900 லிட்டர் நிற்கும். வழிகுழாயை (தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியே போகும் குழாய்) 20 செ.மீ. இறக்கி வைத்துவிட்டால் மேலே இன்னொரு 2,500 போச்சு. சுவரில் எழுதின எண்ணை நம்பாமல் டேப் பிடித்து அளங்க.

சம்புத்தொட்டி:
அதைத்தானே நானும் சொன்னேன்.

வெள்ளைப்பொடி:
யாரும் கேட்கலை, ஆனாலும்: பெருசாகக் கட்டித் தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் குளோரின் செத்துப்போகும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங், 30 ஆயிரத்துக்கு 120. நேரே கொட்டாதீங்க. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி அரை மணி விட்டுத் திறங்க. குளோரின் சோதனை தொட்டியடிக் குழாயில் வேண்டாம், கடைசித் தெருவில். அங்கே 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) காட்டணும். காட்டலைன்னா முதலில் பொடி எவ்வளவு பழசுன்னு பாருங்க. வாய் திறந்து கிடந்த மூட்டை வெறும் சுண்ணாம்புதான்.