கொக்குவில் வீட்டார் (குடும்ப குரூப்): பெரியப்பா மலை ஏறின கதை

நிலா: பெரியப்பாவை லண்டனிலை இருக்கிற ஹரோ ஓன் த ஹில் மலைக்கு கூட்டிக்கொண்டு வந்திட்டன். 258 பஸ்ஸிலை ஏறுவம் எண்டு சொன்னன், கேக்கேல்லை, நடந்துதான் வருவாராம். இப்ப பாதியிலை ஒரு மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்

பெரியப்பா: நான் களைச்சு நிக்கேல்லை. வீடு பாக்கிறன். ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு வடிவான செங்கல்லு, புகைபோக்கி

மீனா மாமி: அண்ணை உது எத்தினை அடி?

நிலா: 124 மீட்டர் மாமி

மீனா மாமி: 😂 உதுக்கா மலை எண்டு பேர்! பதுளையிலை படிப்பிச்ச மனுசன் உதிலை மதில் பிடிக்கிறாரோ

பெரியப்பா: மீனா நீ கதைக்காதை. கீரிமலை எண்டு பேர் வைச்சுப்போட்டு அங்கை ஒரு மேடுகூட காட்டேலாத ஊர் ஆக்கள் நாங்கள். இது பரவாயில்லை, ஏறினால் மூச்சு வாங்குது

சுதன் அண்ணா: ஸ்டேசன்ர பேரும் ஹரோ ஓன் த ஹில், ஆனா ஸ்டேசன் இருக்கிறது அடிவாரத்திலை. 1880இலை ரயில் வந்தது, மேலை ஏறேல்லை. பேரை மட்டும் ஏத்திவிட்டிட்டாங்கள்

நிலா: [ஃபோட்டோ] சென்ற் மேரிஸ் சேர்ச். கூர்க் கோபுரம் முழுக்க ஈயத் தகடு

பெரியப்பா: இது 1087இலை தொடங்கி 1094இலை அன்செல்ம் எண்ட பேராயர் வந்து திறந்து வைச்ச கோயில், எங்கட கணக்குக்கு முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம், அதைவிட ஹரோ எண்ட சொல்லுக்கு அடிப்படையே பழைய இங்கிலீசிலை கிறிஸ்தவத்துக்கு முந்தின கும்பிடு இடம் எண்டதாம், அப்ப இந்த உச்சியிலை சேர்ச்சுக்கு முன்னமே ஏதோ ஒரு தெய்வம் இருந்திருக்கோணும். குன்று இருக்கிற இடமெல்லாம் குமரன் எண்டுறது சும்மா இல்லை

மீனா மாமி: அங்கையும் முருகனைக் கொண்டுபோய் வைச்சிட்டார் 🙏

நிலா: மாமி இங்கை ஒரு கல்லறையைச் சுத்தி இரும்புக் கூடு அடிச்சிருக்கு. இங்கிலீசுக் கவிஞர் பைரன் இங்கத்தைப் பள்ளிக்கூடத்திலை படிக்கேக்க இதிலைதான் வந்து இருந்து மணிக்கணக்கா கீழை பாத்துக்கொண்டு இருப்பாராம். பேந்து வந்த சனம் ஞாபகத்துக்கெண்டு கல்லை உடைச்சு உடைச்சுக் கொண்டுபோக, கூடு போட்டிட்டினம். முன்னாலை மரங்களுக்கு இடையாலை மேற்குப் பக்கம் அப்பிடியே விரிஞ்சு கிடக்குது, வெளிச்சமான நாளிலை வின்ஸர் வரைக்கும் தெரியுமாம், இண்டைக்கு புகார்

பெரியப்பா: அவர்ர மகள் அலெக்ராவும் இங்கைதான். 5 வயசிலை இத்தாலியிலை 1822இலை செத்த பிள்ளை. கலியாணம் கட்டாமல் பிறந்த பிள்ளை எண்டு சேர்ச்சுக்குள்ள ஒரு கல்லுக்கூட வைக்க விடேல்லை. வாசலுக்குக் கிட்ட எங்கையோ புதைச்சது. 1980இலைதான் ஒரு பலகை வந்தது

மீனா மாமி: ஐயோ பாவம். 150 வருசத்துக்கு மேலையா

சுதன் அண்ணா: ஹரோ பள்ளிக்கூடப் பெடியளைக் கண்டனீங்களோ? தொப்பி?

நிலா: ஓம்! வைக்கோல் தொப்பி, தட்டு மாதிரி. காத்துக்கு ஒருத்தன் பிடிச்சுக்கொண்டு ஓடுறான். ஹை ஸ்ட்ரீட் முழுக்க அவங்கதான், மிச்சமெல்லாம் வாத்திமார் வீடு, ஹொஸ்டல்

பெரியப்பா: கதை கேளுங்கோ. ஜோன் லயன் எண்ட ஒரு கமக்காரன், கீழை பிரெஸ்டனிலை வயல் செய்தவர், 1572இலை மகாராணி எலிசபெத்திட்டை அனுமதி வாங்கி, ஊர்ப் பிள்ளையள் காசில்லாமல் படிக்கட்டும் எண்டு தொடங்கின பள்ளிக்கூடம் இது. இப்ப வருசத்துக்கு என்ன சொன்னாய் நிலா?

நிலா: 50,000 பவுண்ஸுக்கு மேலை

பெரியப்பா: கமக்காரன் எழும்பி வந்தால் தன்ர மகனைச் சேர்க்கேலாது. இதுக்குள்ளதான் சேர்ச்சில் 1888இலை வந்தது, நேரு 1905இலை. இங்கிலாந்துப் பிரதமர்மார் மட்டும் ஏழு பேர்

சுதன் அண்ணா: பேந்து ஊர்ப் பெடியளுக்கெண்டு 1876இலை வேறை ஒரு பள்ளிக்கூடம் திறந்து அதுக்கு அந்த மனுசன்ர பேரை வைச்சாங்கள். பெரியப்பா அதுக்கும் இப்ப காசுதான் 😅

பெரியப்பா: சுவரிலை இன்னொரு பலகை இருக்கு. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இங்கை மாணவனா இருக்கேக்க, ஒரு ஏழைன்ர பிரேதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலைஞ்சு பேர் வெறியிலை பாட்டுப் பாடிக்கொண்டு இந்தச் சேர்ச் ஹில் ரோட்டாலை வந்து பெட்டியைக் கீழை போட்டுட்டாங்களாம். அதைக் கண்ட பெடியன்தான் பேந்து 1842இலை சுரங்கத்துக்குள்ள 10 வயசுக்குக் கீழ்ப்பட்ட பெடியளும் பொம்பிளையளும் வேலை செய்யக்கூடாது எண்டு சட்டம் கொண்டுவந்தது. நான் அதிலை கன நேரம் நிண்டனான்

நிலா: 20 நிமிசம். எனக்குக் கால் விறைச்சுப் போச்சு

சுதன் அண்ணா: இறங்கேக்க குரோவ் ஹில் பக்கம் பாருங்கோ. 1899 பெப்ரவரி 25 அதிலை ஒரு கார், வாங்க வந்த ஆக்களை ஏத்திக்கொண்டு ஓடிக்காட்டினது, இறக்கத்திலை பிரேக் பிடிக்க பின் சில்லு உடைஞ்சு எல்லாரும் வெளியிலை. ஓட்டினவன் அதிலையே செத்தான், மற்றொருத்தர் சில நாளிலை. இந்த நாட்டிலை பதிவான, காரோட்டி செத்த முதல் விபத்து அதுதான். அதுக்கும் பலகை இருக்கு

மீனா மாமி: அங்கை எல்லாத்துக்கும் பலகைதானே. ராஜன் என்ன சத்தத்தைக் காணேல்லை, வேலையோ?

அப்பா: வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அக்கா

மீனா மாமி: நீ 22 வருசம் பக்கத்து வீல்ட்ஸ்ரோனிலை இருக்கிறாய், எங்களுக்கு ஒருநாளாவது உதைச் சொன்னனியா?

அப்பா: குரோவ் ஹில் எனக்குத் தெரியும். 2003, 2004இலை பீட்சா டெலிவரி செய்யேக்க ராவிலை ஸ்கூட்டரிலை ஏறுவன், பனிக்காலத்திலை அந்த இறக்கத்திலை ரெண்டு காலையும் ஊண்டித்தான் வருவன். எந்த வீட்டிலை நாய், எந்த வீட்டுக்காரர் சில்லறை மிச்சத்தை வைச்சுக்கொள்ளச் சொல்லுவினம், எந்தக் கதவுக்கு பெல் வேலை செய்யாது எல்லாம் பாடம். பகல்லை ஒருக்காலும் போகேல்லை. சேர்ச்சுக்குப் பின்னாலை உப்பிடி வெளி இருக்கெண்டே தெரியாது

மீனா மாமி: 😔

பெரியப்பா: ராஜன், நாளைக்கு உனக்கு லீவுதானே

அப்பா: ஓம் அண்ணை

பெரியப்பா: அந்தக் கூடு போட்ட கல்லுக்குப் பக்கத்து வாங்கிலை என்ர குடையை விட்டிட்டு வந்திட்டன். போய் எடுக்கோணும்

நிலா: பெரியப்பா குடை என்ர கையிலை இருக்கு!!

பெரியப்பா: உனக்கு ஒண்டும் விளங்காது, சும்மா இரு

அப்பா: 😂 சரி அண்ணை. பின்னேரம் 3 மணிக்கு ரெடியா நில்லுங்கோ. ஆனா பஸ்ஸிலைதான்