கேமரா ஸ்கிரீன் பிரைட்னஸ் ஃபுல்லா வெக்கறதா, ஹிஸ்டோகிராம் பாக்கறதா?

கோட்டைவாசி:
போன ஞாயித்துக்கிழமை உச்சி வெயில்ல நம்ம வேலூர் கோட்டை அகழி ஓரமா நின்னு படம் எடுத்தேன். வெயில்ல ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியல, எல்லாம் இருட்டா வந்த மாதிரியே இருந்துச்சி, சரின்னு எக்ஸ்போஷர் காம்பென்சேஷன (படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கற செட்டிங்) ப்ளஸ் பக்கம் ஏத்திகினே போயிட்டேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா வானம் பூரா வெள்ளை, மதில் கருங்கல்லு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்குது. எரிஞ்சி போன வெள்ளையை அப்பால எந்த சாஃப்ட்வேராலயும் மீட்க முடியாது. இப்ப பிரைட்னஸ ஆட்டோல இருந்து எடுத்து நடுவுல நிறுத்திட்டேன், ஹிஸ்டோகிராமும் (இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம்னு மேடு பள்ளமா காட்டற கிராஃப்) ஹைலைட் அலர்ட்டும் (வெளுத்துப் போற எடத்தை மின்னிக் காட்டறது) ஆன்ல இருக்கு. ஸ்கிரீனைப் பாத்து வெளிச்சத்தை முடிவு பண்றத தயவுசெஞ்சி வுட்டுடுங்க.

ஆரணி ஸ்டூடியோ:
தம்பி, கோட்டைக்கு அது சரி, கல்யாணத்துக்கு ஒத்து வராது. தாலி கட்டறது கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும், அந்த நேரத்துல பொண்ணு மொகத்தைப் பாப்பேனா, மூலைல இருக்கற மேடு பள்ளத்தைப் பாப்பேனா? அதுவுமில்லாம ஃப்ளாஷுக்கு ஷட்டர் 1/160, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400 வெச்சா மண்டபத்துக்குள்ள மிர்ரர்லெஸ் கேமரா ஸ்கிரீன் கும்மிருட்டாயிடும், உன் லைவ் ஹிஸ்டோகிராமும் இடது பக்கமா ஒட்டிக்கும், ஃப்ளாஷ் அடிக்கப் போறது அதுக்கு எப்டி தெரியும்? அதனால நான் எக்ஸ்போஷர் சிமுலேஷன் (படத்தோட வெளிச்சம் எப்டி வரும்னு ஸ்கிரீன்ல முன்கூட்டியே காட்டறது) ஆஃப், பிரைட்னஸ் ஃபுல்.

கோட்டைவாசி:
சிமுலேஷன் ஆஃப் பண்றது ஒத்துக்கறேன்ணா, ஃப்ளாஷுக்கு அதான் வழி. ஆனா பிரைட்னஸ் ஃபுல் இன்னாத்துக்கு? இருட்டு மண்டபத்துல அது ட்யூப்லைட் மாதிரி எரியும், ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) கம்மியா வந்த படம் கூட பளிச்சினு தெரியும், ஆல்பம் பிரிண்ட் போடறப்பதான் மொகம் கருத்திருக்கறது புரியும். முகூர்த்தத்துக்கு முன்னாடி ரெண்டு ஷாட் எடுத்து பிளேபேக்ல பாருங்க, அந்த ஹிஸ்டோகிராம்ல ஃப்ளாஷ் வெளிச்சமும் சேந்திருக்கும். அப்புறம் உங்க ஊரு அரக்கு பட்டு சமாச்சாரம். சாதா ஹிஸ்டோகிராம்ல எல்லாம் சரியா தெரியும், ஆர்ஜிபில (செவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா காட்டறது) போட்டா செவப்பு மட்டும் வலது ஓரத்துல இடிச்சிட்டு இருக்கும். பொடவைல மடிப்பு, நெசவு எதுவுமே தெரியாம ஒரே செவப்பா அப்பிடும், சரிகை மட்டும் தனியா மின்னும். ரா (சென்சார் பதிவு பண்ணது அப்படியே இருக்கற ஃபைல்) எடுத்தாலும் கேமரா ஹிஸ்டோகிராம் உள்ள இருக்கற ஜேபெக் பிரிவ்யூல இருந்துதான் வருது, அதனால பிக்சர் ஸ்டைல் (கேமராவோட கலர் செட்டிங்) விவிட்ல இருந்தா நியூட்ரலுக்கு மாத்திடுங்க.

காட்பாடி ஜங்ஷன்:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு சொல்றேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல யாளித் தூணை எடுக்கறப்போ ஹிஸ்டோகிராம் மேடு நடுவுல வரணும்னு ஐஎஸ்ஓவ ஏத்தினேன், வாய்க்குள்ள இருந்த நிழல் எல்லாம் சாம்பலா வெளுத்துப் போயி செதுக்கின ஆழமே காணோம். இருட்டுக் கல்லுக்கு மேடு இடது பக்கம் இருக்கறதுதான் நியாயம். நான் இப்ப வலது ஓரம் இடிக்குதான்னு மட்டும்தான் பாக்கறேன்.

ஆரணி ஸ்டூடியோ:
பட்டு விஷயம் நெசம்தான், போன முகூர்த்தத்துல ஒரு அரக்குப் பொடவை அப்படித்தான் அப்பிப் போச்சி, நான் லைட் மேல பழி போட்டுட்டு இருந்தேன். ஆர்ஜிபி, நியூட்ரல் ரெண்டும் இன்னிக்கே மாத்தறேன், மண்டபத்துக்குள்ள பிரைட்னஸும் நடுவுல வெச்சிப் பாக்கறேன். வெளில மாப்ள அழைப்பு வெயில்ல வந்தா ஃபுல்தான், இல்லன்னா ஃபிரேமே தெரியாது. தாலி கட்டறப்போ மட்டும் ஸ்கிரீன்ல ஒரு கோடு கூட இருக்காது தம்பி, அதுல மாத்தமே இல்ல.