மறு: 'மேஷ்': மசியலா, ஊறலா, துழவையா?

> மேஷ் என்றால் மசிப்பதுதானே? 'மசியல்' போதும். பிடிக்காவிட்டால் 'ஊறல்' இருக்கவே இருக்கிறது.

வணக்கம்.

பீர் தயாரிப்பில் 'மேஷ்' (mash) என்று சொல்லும் கட்டத்துக்குத்தானே தமிழ்ச்சொல் தேடுகிறோம்? அதற்கு இந்த இரண்டுமே சரிவராது. கீரையை மத்தால் கடைந்தால் மசியல். அங்கே வேலை செய்வது கை. பீருக்கு பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, முன்பே உடைத்துவிடுகிறோம். அப்புறம் 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம்போல வைத்திருக்கும்போது, முளையில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. சூடு கொஞ்சம் குறைந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடும், பீரில் இனிப்புத் தங்காது. 70ஐ நெருங்கினால் பீர் கனமாக நிற்கும். மசிப்பதில் இதெல்லாம் எங்கே வருகிறது?

'ஊறல்' இன்னும் சிக்கல். கல்வராயன் மலையில் போலீசார் சாராய ஊறலை அழித்த செய்தி சேலத்துக்காரர்களுக்குப் பழகியது. அந்த ஊறல் புளித்துக்கொண்டிருப்பது. மேஷில் ஈஸ்ட்டே இன்னும் சேரவில்லை.

நான் முன்வைப்பது 'துழவை'. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் 'அவையா அரிசி அங்களித் துழவை' என்று வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிய கூழ் அது. அதைப் பிழா என்னும் அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துக் கள் பிழிகிறார்கள். இதைவிட நெருங்கிய சொல் நமக்கு எங்கே கிடைக்கும்? பாட்டில் அது முளை சேரும் முன் உள்ள கூழ். நாம் முளை சேர்ந்த பிறகும் அதே பெயரை நீட்டுகிறோம். அந்த அளவு நீட்சியைச் சொல் தாங்கும்.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் பீர் தயாரிக்க முடியாது. ஆனால் துழவை வரைக்கும் யாரும் செய்து பார்க்கலாம். ராகிக் களியைக் கெட்டியாகக் கிண்டி இறக்கி, 65 டிகிரிக்கு ஆறியதும், முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகி மாவில் இரண்டு கரண்டி போட்டுத் துழாவுங்கள். கரண்டி நட்டால் நிற்கிற களி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகி, ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிடும். சூட்டை அப்படியே காத்து வைத்திருந்து நாக்கில் வைத்தால் இனிக்கும், ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போடாமல்! அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: நீலக்கறுப்பானால் மாவுச்சத்து இன்னும் மிச்சமிருக்கிறது.

பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இல்லாமலே வீட்டில் பீர் தயாரிக்கலாம். அங்கே இருப்பவர்கள் தங்கள் பீர் தயாரிப்புக் கையேட்டில், மேஷ் வைக்கும் பாத்திரத்துக்குத் துழவைக்கலம், அதன் சூட்டுக்குத் துழவைச்சூடு என்று எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள். வடித்தெடுக்கும் இனிப்பு நீரான வோர்ட்டுக்கு 'முளைச்சாறு' சரியாக இருக்கும்.

வினைச்சொல்லாக 'துழவையிடு' என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் 'துழாவு' கரண்டி வேலையோடு நின்றுவிடும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து