மறுமொழி: 'பிரெலூட் நான் மெஸ்யூரே' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'அளவிலா முன்னிசை' அல்லது 'சுதந்திர முன்னிசை' பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு,

'பிரெலூட் நான் மெஸ்யூரே' என்பது தாளக் கணக்கைக் குறிக்காமல் எழுதிய முன்னிசைக்கான பிரெஞ்சுப் பெயர். அதில் 'முன்னிசை' சரி. சிக்கல் அடைமொழியில்தான். 'அளவிலா' என்றதும் 'அளவிலா மகிழ்ச்சி'தான் நினைவுக்கு வரும். முடிவில்லாமல் நீளும் இசை என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே எழுதாமல் விட்டது தாளக் கணக்கை மட்டும்தான்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் லூயி கூப்பரன் (1661இல் மறைந்தவர்) எழுதிய முன்னிசை ஒன்றின் தாளைப் பாருங்கள். தாளம் பிரிக்கும் கோடுகள் இல்லை. வரிசையாகக் காம்பில்லாத வெள்ளை வட்டங்கள். எது நெடில், எது குறில் என்று தெரியாது. அவற்றை ஒட்டி நீள நீளமான வளைகோடுகள். ஹார்ப்சிகார்டு தந்திகளை மீட்டி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி. அதில் விரலை எடுத்ததுமே சிறு கம்பளித் துண்டு தந்தியில் பட்டு ஒலி அடங்கிவிடும். அதனால் பல இடங்களில் அந்த வளைகோட்டுக்குப் பொருள், 'இது முடியும்வரை விரலை எடுக்காதே' என்பதுதான். அப்படிப் பிடித்த சுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுரக்கூட்டாகத் திரளும். ஓங்கி அழுத்தினாலும் ஒலி கூடாத கருவி அது. ஒரு சுரம் எடுப்பாகக் கேட்க வேண்டுமானால், அதற்கு முன் ஒரு கணம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது வாசிப்பவர் பொறுப்பு. ஆனால் எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் என்பது முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே 'சுதந்திரம்' மிகை. 'ஆலாபனை'யும் ஒத்துவராது, அது மனோதர்மம், அதாவது பாடும்போதே கற்பனையில் பிறப்பது.

அப்புறம், எதிர்ச்சொல்லும் வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபிரோபர்கரின் பாணியில் லூயி எழுதிய முன்னிசையில் நடுப்பகுதி மட்டும் தாளத்தோடு வருகிறது. லூயியின் தம்பி மகன் பிரான்சுவா கூப்பரன், 1716இல் வெளியிட்ட கற்பிக்கும் நூலில், எட்டு முன்னிசைகளைத் தாளக் கோடு போட்டே அச்சிட்டார். ஆனாலும் 'மெஸ்யூரே' (தாளக் கணக்கோடு) என்று குறித்த இடம் தவிர மற்றதைக் கணக்கில் ரொம்ப ஒட்டாமல் வாசிக்கச் சொன்னார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன போடுவோம்? 'அளவாக' என்றால் அடக்கி வாசி என்று ஆகிவிடும்.

'தாளக்கட்டு' நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் சொல். அதிலிருந்தே 'தாளங்கட்டா முன்னிசை', 'தாளங்கட்டிய பகுதி', 'தாளக்கட்டுடன்' என மூன்றும் கிடைக்கின்றன. 'தாளமில்லா' என்றால் தாளம் தப்பியது போலத் தொனிக்கும். 'கட்டா'வில் அந்த ஆபத்து இல்லை.

எனக்குள்ள ஒரே தயக்கம்: மாணவர்களுக்குத் 'தாளம் கட்டாத' என்று பிரித்து எழுதுவது எளிதாக இருக்குமோ? வகுப்பெடுப்பவர்கள் சொல்லுங்கள்.