டிசம்பர்ல ஸ்னோ வருமா? அம்மா தினமும் கேக்குறாங்க

ரெடிங் மதுரைக்காரன்:
அம்மா அப்பா டிசம்பர் 18ல இருந்து மூணு வாரம் இங்க இங்கிலாந்துல என்கூட இருக்கப் போறாங்க, ஃபிளைட் ஏறுறதே முதல் தடவை, அம்மாவுக்கு ஒரே ஆசை ஸ்னோ பாக்கணும். நேத்து ஒரு பேப்பர்ல பிரிட்டன் மேப் முழுக்க ஊதா கலர் அடிச்சு பனி கொட்டப் போகுதுன்னு போட்டிருந்தான், நானும் வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன். இன்னும் அஞ்சு வாரம் இருக்கே, இதெல்லாம் நம்பலாமா?

மேகவெறியன்:
ஊதா மேப்ப நம்பி வாக்கு குடுக்காதீங்க ப்ரோ. அமெரிக்காவோட வானிலை கம்ப்யூட்டர் மாடல் ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நாலு தடவ ஓடும், 16 நாள் வரைக்கும் மேப் குடுக்கும், கடைசி நாள்ல ஏதாவது ஒரு ரன்ல ஸ்னோ தெரிஞ்சா அத மட்டும் வெட்டி நியூஸ் ஆக்கிடுவாங்க, அடுத்த ரன்ல அது காணாமப் போயிருக்கும். பிரிட்டன் வானிலை மையம் மெட் ஆபீஸோட மூணு மாச அவுட்லுக் வேற, குளிர் தூக்கலா இருக்க எவ்வளவு சான்ஸ்னு நாட்டுக்கே சேத்து சொல்லும், ரெடிங்ல எந்த நாள்னு சொல்லாது. நான் பாக்குறது போலார் வோர்டெக்ஸ்தான், வட துருவத்துக்கு மேல சுத்துற குளிர்காத்துச் சுழல். மேல ஸ்ட்ராட்டோஸ்பியர்ங்கற உயரக் காத்து மண்டலம் திடீர்னு சூடாகி அந்தச் சுழல் உடைஞ்சா கிழக்குக் காத்து வரலாம். 2018 பிப்ரவரி நடுவுல உடைஞ்சுது, ரெண்டே வாரத்துல பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்னு பேர் வச்ச பெரும் பனிக்குளிர் வந்துச்சு. 2019 ஜனவரிலயும் உடைஞ்சுது, ராத்திரி முழிச்சு முழிச்சு சார்ட் பாத்ததுதான் மிச்சம்.

குரோய்டன் அண்ணை:
தம்பி, நான் இஞ்ச வந்து 24 வருசம், 2010 டிசம்பர் மாதிரி ஒண்டு பிறகு நான் காணேல்லை. 2018ல கொடியில மறந்து விட்ட துவாய் பலகை மாதிரி விறைச்சு நிண்டது. 2022 டிசம்பர் 11 ஞாயிறு இரவு லண்டன்ல கொட்டினது, அண்டைக்குத்தான் என்ர கறிவேப்பிலைக் கண்டும் போனது. உள்ளுக்க எடுத்து வையுங்கோ எண்டு மனிசி சொன்னவ, நான் கேக்கேல்லை, இண்டைக்கும் பேச்சு விழுது. அஞ்சு நாளைக்கு முன்னம் வாற ஃபோர்காஸ்ட்டை மட்டும் பாருங்கோ.

ரெடிங் மதுரைக்காரன்:
அண்ணே கறிவேப்பிலை போனது பெரிய சோகம்தான் 😭 அப்ப ஸ்காட்லாந்து போயிடவா?

மேகவெறியன்:
அங்க ஏவிமோர்னு ஒரு ஊர் பாருங்க, லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன்ல ராத்திரி ஸ்லீப்பர் ட்ரெய்ன் ஏறினா காலைல அங்க, சனிக்கிழமை ராத்திரியும் கிறிஸ்துமஸ் சமயத்துலயும் ஓடாது. ஊருக்குள்ள இல்லன்னாலும் கேர்ன்கார்ம் மலை மேல வெள்ளையா இருக்க சான்ஸ் அதிகம். கேன்சல் பண்ற மாதிரி ரூம் போடுங்க. இல்லன்னா 25ஆம் தேதி ஒரே ஒரு ஸ்னோ துகள் விழுந்தாலும் மெட் ஆபீஸ் கணக்குல வைட் கிறிஸ்துமஸ்தான், அத சொல்லி அம்மாவ சமாளிங்க.

ரெடிங் மதுரைக்காரன்:
அம்மாவா, ஒரு துகளுக்கா! அப்பா ஃப்ரீசரத் தொறந்து காட்டு போதும்ங்கறார். ரூம் போட்டாச்சு.