புதுப்பிப்பு: மரத்துப்போன பாதமும் கார் ஓட்டுவதும்

சர்க்கரை நோயால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி மங்கிவிட்டது, இனி கார் ஓட்டலாமா என்று மூன்று மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மருத்துவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடியிருந்த எனக்கு வலது கட்டைவிரலில் பட்டதே தெரியவில்லை. அப்புறம் அந்த விரலைப் பிடித்து அசைத்து, மேலே போகிறதா கீழேயா என்று கேட்டார். இரண்டு முறை தப்பாகச் சொன்னேன். அதுதான் என்னை உலுக்கியது. குனிந்து பார்க்காமலே கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று சொல்வது அந்த உணர்வுதானே!

வீட்டுக்கு வந்து, எஞ்சினை அணைத்தபடி காரில் உட்கார்ந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றிப் பார்த்தேன். ஐந்தாவது முறை ஷூவின் விளிம்பு பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்றே சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மெல்லிய அடியுள்ள ஷூ போடச் சிலர் சொன்னீர்கள். லேசாக மரத்தவர்களுக்கு உதவலாம், எனக்குப் போதவில்லை. இடது காலும் சரியில்லை. இந்த நோய் பெரும்பாலும் இரண்டு பாதங்களையும் சேர்த்தே பிடிக்கிறது.

இப்போது கையால் இயக்கும் கருவி பொருத்திய காரில், பயிற்சியாளரோடு பழகுகிறேன். நெம்புகோலைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். முதல் வாரம் அவசரத்தில் கால்தான் முந்திக்கொண்டது. உரிமம் தரும் அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிட்டேன். அடுத்த மாதம் ஓட்டுநர் மதிப்பீடு. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.