டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது: ஹெட்டைப் பிரிப்பதா, இன்ஜினையே மாற்றுவதா?

பழையவண்டி:

22 வருடப் பழைய பெட்ரோல் கார். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு, இரட்டைக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). மீட்டரில் 1,48,000 கி.மீ. காட்டுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, டைமிங் பெல்ட் (கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து மேலே கேமைச் சுற்றுவது) எப்போது மாற்றியது என்று முன்னால் வைத்திருந்தவருக்கே தெரியவில்லை, நானும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டேன்.

நேற்று நாலாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது சின்னதாக ஒரு 'டப்' சத்தம், அவ்வளவுதான், இன்ஜின் செத்துவிட்டது. கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து ஓரம் கட்டினேன். செல்ஃப் அடித்தால் மோட்டார் வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்ர்ர்' என்று சுற்றுகிறது. மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் தளர்ந்து தொங்குகிறது.

பார்த்த மெக்கானிக் "இன்ஜின் போச்சு சார், வேற இன்ஜின் போட்டுக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒரு போல்ட்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. இன்னொருவர் புது பெல்ட் போட்டாலே ஓடும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது? ஓரளவு கருவிகள் இருக்கின்றன, பிரேக், கிளட்ச் வேலையெல்லாம் நானே செய்திருக்கிறேன், ஹெட்டை (வால்வும் கேமும் இருக்கும் இன்ஜினின் மேல் பகுதி) மட்டும் இதுவரை தொட்டதில்லை.

கிரீஸ்கை:

இரண்டு பேருமே பார்க்காமல் சொல்கிறார்கள். உங்கள் இன்ஜின் இன்டர்ஃபியரன்ஸ் வகையா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. அதாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்தால் இரண்டும் இடித்துக்கொள்ளுமா என்பது. இடிக்காத வகை என்றால் புது பெல்ட் போட்டு மார்க் (கேமும் கிராங்க்கும் ஒன்றுசேர வேண்டிய குறிகள்) வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் 16 வால்வு இரட்டைக் கேம் இன்ஜின்களில் இடிக்கும் வகைதான் அதிகம், அதனால் பெரிதாக ஆசை வைக்காதீர்கள். 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்ததும் கேம் கண்ணிமைக்கும் நேரத்தில் நின்றுவிடும், எந்த வால்வு திறந்திருந்ததோ அது திறந்தபடியே நிற்கும். பிஸ்டன் நிற்காது. நீங்கள் கியரில் உருட்டிக்கொண்டு வந்தேன் என்கிறீர்கள், அப்படியானால் அத்தனை தூரமும் சக்கரம் கிராங்க்கைச் சுற்றிக்கொண்டேதான் இருந்திருக்கும்.

அதற்காக நேராக ஹெட்டில் ஸ்பேனர் போட வேண்டாம். செல்ஃப் அடிப்பதையும் இதோடு நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, கிராங்க்கைக் கையால் திருப்பி, உச்சி மார்க்கிலிருந்து 90 டிகிரி தள்ளி வையுங்கள். அந்த நிலையில் நான்கு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், மேலே கேமை எந்தப் பக்கம் திருப்பினாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. கேம் இரண்டையும் அதனதன் மார்க்குக்குக் கொண்டுவந்த பிறகு கிராங்க்கை மார்க்குக்குத் திருப்பிப் பெல்ட்டை மாட்டுங்கள். சோதனைக்குத்தான். இப்போது ஸ்பேனர் வைத்துக் கிராங்க்கை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், பலம் காட்ட வேண்டாம். சுற்றியது என்றால் கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தத்தை அளப்பது) போடுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரை வரும். வால்வு வளைந்த சிலிண்டரில் முள் அசையாது, அசைந்தாலும் ஒன்று, இரண்டுதான். அந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்க வேண்டிய நிலையில் வைத்து, பிளக் துளை வழியாகக் காற்றடித்துக் காது கொடுத்தால் காற்று எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும். த்ராட்டில் பக்கம் 'உஸ்' என்றால் இன்டேக் வால்வு, சைலன்ஸர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) அல்லது பிஸ்டன். அந்த மூன்றாவது சத்தம் கேட்டால்தான் மெக்கானிக் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு.

ஓரங்கட்டியவன்:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. 1,48,000 ஓடிய இன்ஜினில் ஹெட்டை மட்டும் புதுசு போல ஆக்கினால் கீழே உள்ள பழைய ரிங் தாங்காது, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும் என்று சொல்வார்கள், நானே ஒரு வண்டியில் பார்த்தேன். நல்ல பழைய இன்ஜின் கிடைத்தால் இரண்டு நாளில் இறக்கி ஏற்றிவிடலாம்.

கிரீஸ்கை:

கிடைத்தால் சரி. ஆனால் அந்தப் பழைய இன்ஜினில் இருக்கும் பெல்ட்டின் வயது யாருக்குத் தெரியும்? அதையும் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். இவருடையதோ நேற்றுவரை நன்றாக ஓடிய இன்ஜின், அதன் சரித்திரம் கையில் இருக்கிறது. பெல்ட் அறுவதற்கு முன்னால் புகை இருந்ததா, ஆயில் குறைந்ததா என்று அவரே சொல்லட்டும். இரண்டும் இல்லையென்றால் நான் ஹெட்டுக்குத்தான் போவேன்.

லேத்மணி:

மெஷின் ஷாப்பில் இருக்கிறேன், மாதத்துக்கு நாலைந்து ஹெட் இப்படி வருகிறது. கொண்டுவருபவர்கள் கெடுத்துக்கொண்டு வருவதுதான் அதிகம் என்பதால் சொல்கிறேன். வளைந்த வால்வைச் சுத்தியால் தட்டி வெளியே எடுக்காதீர்கள், வளைந்த தண்டு கைடை (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) உள்ளே கீறிவிடும், சில நேரம் கைடே விரிசல் விடும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹெட் போல்ட்டைத் தளர்த்தாதீர்கள். கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு, இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டும் படிப்படியாக.

வால்வு மாற்றினால் மட்டும் போதாது. சீட்டில் (வால்வு மூடி உட்காரும் இடம்) பேஸ்ட் போட்டுத் தேய்த்து, சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, கேம் போடாமல், பிளக்கை மாட்டி, அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். கால் மணி நேரம் கழித்து போர்ட்டில் (வால்வுக்குப் பின்னால் காற்று போகும் வழி) ஈரம் தெரிந்தால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். ஹெட் முகத்தில் நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 0.05 மி.மீ. தாண்டினால் முகம் சீவச் சொல்வோம், உங்கள் மேனுவலில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு. தேவையில்லாமல் சீவச் சொல்லாதீர்கள், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

தூரப்பயணி:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நான் போன வருடம் இதே வேலையை வீட்டில் செய்தேன், எல்லாம் சுத்தமாக முடித்துக் கடைசியில் பிளாக்கில் ஹெட் போல்ட் துளைக்குள் தேங்கியிருந்த கூலண்ட்டைத் துடைக்காமல் போல்ட்டை இறக்கிவிட்டேன். திரவத்தை அமுக்க முடியாது அல்லவா, மூன்றாவது போல்ட்டில் டார்க் ரென்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனர்) 'கிளிக்' சொல்வதற்கு முன்னால் பிளாக் 'கிளிக்' சொல்லிவிட்டது. துளையின் அடியில் மயிரிழை விரிசல். அப்போதுதான் எனக்கு வேறு இன்ஜின் தேவைப்பட்டது! துணியைச் சுருட்டி உள்ளே விட்டு எடுங்கள், காற்றடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், அந்தத் தண்ணீர் நேராக முகத்துக்குத்தான் வரும். இத்தனை டிகிரி என்று கோணத்தில் இறுக்கும் போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை இழுபட்டது இழுபட்டதுதான்.

அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் அறுந்தது என்று அதுவே சொல்லும்.

பழையவண்டி:

எல்லாருக்கும் நன்றி. புகையும் இல்லை, ஆயிலும் குறைந்ததில்லை. சோதனை பெல்ட் போட்டுப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் சுற்றியது, கம்ப்ரெஷன் 1, 4 சிலிண்டரில் பூஜ்யம், 2-இல் பூஜ்யம், 3-இல் மட்டும் 11 பார். காற்றடித்ததில் மூன்றிலும் த்ராட்டில் பக்கம்தான் சத்தம், ஆயில் வாயில் ஒன்றும் இல்லை. அதனால் ஹெட்டை இறக்கினேன். 8 இன்டேக் வால்வில் 6 வளைந்திருக்கின்றன, எக்ஸாஸ்ட் எட்டும் நேராக இருக்கின்றன. பிஸ்டன் தலையில் நகம் பதிந்த மாதிரி பிறை வடிவில் தழும்புகள், விரலால் தடவினால் லேசாகத் தெரிகிறது, விரிசல் இல்லை. அப்படியே விடலாமா?

பெல்ட்டைப் பார்த்தேன். அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் வரிசையாக ஏழெட்டுப் பற்கள் வேரோடு பிய்ந்திருக்கின்றன.

கிரீஸ்கை:

பற்கள் அப்படிப் பிய்ந்தால் பெரும்பாலும் வழியில் ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது. வாட்டர் பம்ப் அந்தப் பெல்ட்டில்தானே ஓடுகிறது? கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் தழும்பின் விளிம்பில் துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் நைஸாகத் தேய்த்துவிடுங்கள், துருத்தல் இருந்தால் அந்த இடம் சிவக்கச் சூடாகும். துகள் சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸும் துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையவண்டி:

பம்ப்தான். ஒரு சுற்றில் பாதி வழியில் கரகரவென்று பிடிக்கிறது, அச்சு ஆடுகிறது, அடியில் கூலண்ட் வழிந்து காய்ந்த வெள்ளைத் தடம். நான் புது பெல்ட் மட்டும் போட்டு ஓட்டியிருந்தால் அதையும் தின்றிருக்கும். பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாமே புதிதாகப் போட்டேன்.

பத்து நாள் ஆகிவிட்டது, லேத்தில் ஒரு கைடு மாற்றச் சொன்னார்கள். நேற்று சாயங்காலம் கையால் இரண்டு சுற்று சுற்றி, மார்க் மறுபடி ஒன்றுசேர்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் செல்ஃப் அடித்தேன். இந்த முறை 'விர்ர்ர்' இல்லை, பழைய 'கக் கக் கக்' தாளம், அப்புறம் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நிமிடம் டக்டக் சத்தம் வந்து அடங்கியது. ஆயிலையும் ஃபில்டரையும் 500 கி.மீ.யில் ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

பெல்ட் மூடியின் மேல் தேதியையும் 1,48,212 என்பதையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன்.